புதுசா வந்தவங்க ஏன் உடனே காசு விற்கக் கூடாது?

பழைய நாணயம், பழைய நோட்டு சேகரிக்கிற குழுக்கள் பலவற்றில் ஒரு விதி இருக்கும். சேர்ந்த உடனே எதையும் விற்க முடியாது. சில குழுக்களில் வாங்கவும் முடியாது. முப்பது நாள் போகணும், இல்லைன்னா மூணு மாசம். சில இடங்களில் பழைய உறுப்பினர் ரெண்டு பேர் "இவரைத் தெரியும்"னு சொல்லணும். அதுவரைக்கும் பார்க்கலாம், படிக்கலாம், கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான்.

இந்த விதியைத் திட்டி இந்த வாரம் மட்டும் நாலு பதிவு பார்த்தேன். "பழைய பெருச்சாளிகள் சங்கம்" என்கிறார் ஒருவர். "புதுசா வர்றவன் நாலு காசு பார்த்திடக் கூடாதுன்னு பொறாமை" என்கிறார் இன்னொருவர். மூணாவது ஆள் ஒரு படி மேலே போய் "இது நவீன தீண்டாமை" என்று எழுதியிருக்கிறார். ஐயா, தீண்டாமை என்றால் என்னவென்று பார்த்த ஊர் இது. ஒரு மாசம் காத்திருக்கச் சொன்னதுக்கெல்லாம் அந்த வார்த்தையைச் செலவழிக்காதீங்க.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். டூட்டி போக மிச்ச நேரத்தில் பழைய காசு சேகரிப்பேன். என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடறேன். அந்த விதி சரியானது. சில இடங்களில் அது போதவும் போதாது.

போன மாசம் ஓபிக்கு ஒரு பெரியவர் வந்தார். இரவுக் காவலாளி வேலை. சர்க்கரை 380. மாத்திரை இங்கே இலவசம்தான், ஆனா பத்து நாளா சாப்பிடலையாம். "ஏங்க ஐயா?"ன்னு கேட்டா பதில் இல்லை. கூட வந்த மகள்தான் சொன்னாங்க.

அவர்கிட்ட ஒரு அஞ்சு ரூபாய் நோட்டு இருந்திருக்கு. பின்பக்கம் விவசாயி டிராக்டர் ஓட்டுற படம் போட்டது. "இந்த நோட்டு இருக்கா? லட்சக்கணக்கில் வாங்கிக்கிறோம்"னு ஒரு வீடியோ. அதிலிருந்த நம்பர் வழியா ஒரு குழுவில் சேர்ந்திருக்கார். அங்கே எந்த விதியும் கிடையாது, சேர்ந்த அன்னைக்கே வாங்கலாம், விற்கலாம். ஒரு மணி நேரத்துக்குள்ள "வாங்குபவர்" வந்துட்டார். நோட்டுக்கு நாலு லட்சம். முதல்ல பதிவுக் கட்டணம் 1,550. அப்புறம் ஜிஎஸ்டி 6,800. அப்புறம் "பணம் கொண்டு வர்ற வண்டியை செக்போஸ்ட்ல மடக்கிட்டாங்க"ன்னு 14,000. மொத்தம் 22,350 ரூபாய். நாலு லட்சம் வரவேயில்லை. அந்த நோட்டு இன்னும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கு.

அந்த டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் அச்சடிச்சது. கசங்கின நோட்டுக்கு அஞ்சு ரூபாய்க்கு மேல பெரிசா ஒண்ணும் கிடைக்காது. 2012-ல வந்த வைஷ்ணோ தேவி அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் காசுக்கும் இதே கதைதான். 786-ல் முடியிற நோட்டை ஆசையா வாங்குறவங்க இருக்காங்க, உண்மை. ஆனா வீடியோவில் சொல்ற லட்சம் யாருக்கும் வந்ததில்லை.

2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே இதைப் பத்தி எச்சரிக்கை வெளியிட்டது. எங்கள் பெயரையும் சின்னத்தையும் போட்டு பழைய நோட்டு, காசு வியாபாரம்னு சொல்லி கமிஷன், வரி எல்லாம் கேட்கிறாங்க, நாங்க அந்த வியாபாரமே பண்றதில்லை, யார்கிட்டயும் கட்டணம் கேட்கிறதும் இல்லைன்னு. அதுக்கப்புறமும் வீடியோ நிக்கல.

இப்போ விதிக்கு வருவோம். இந்த ஏமாத்துக்காரனுக்கு மூலதனம் என்ன? ஒரு சிம் கார்டு, ஒரு பொய்ப் பெயர். மாட்டிக்கிட்டா தூக்கிப் போட்டுட்டு மறுநாள் வேற பெயர்ல வருவான். பெயருக்கு விலையே இல்லாத இடத்தில், பெயர் கெட்டுப் போறதைப் பத்தி எவன் கவலைப்படுவான்? முப்பது நாள் காத்திருப்பு அந்தப் பெயருக்கு ஒரு விலை வைக்குது. ஒரு மாசம் குழுவில் உட்கார்ந்து, நாலு பேர் கேள்விக்குப் பதில் சொல்லி, தப்பா சொன்னா திட்டு வாங்கி உருவாக்கின பெயரை ஒரே ஒரு ஏமாத்து வேலைக்காக எரிக்க அவனுக்குக் கட்டுப்படியாகாது. நேர்மையா வர்றவருக்கு அந்த முப்பது நாள் நஷ்டமே இல்லை. எப்படியும் கத்துக்க வேண்டிய நாட்கள்தான் அவை.

ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர். 1970-ல் பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். பின்னாடி 2001-ல் நோபல் பரிசு வாங்கினவர்கள்ல அவரும் ஒருத்தர். அவர் சொன்னதை நம்ம காசுக்கு வெச்சுப் பாருங்க. எது அசல், எது போலின்னு வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால அசலுக்கும் முழு விலை கொடுக்கப் பயப்படுவான். அசல் வெச்சிருக்கிறவர் "இந்த விலைக்கு நான் ஏன் விக்கணும்?"னு விலகிடுவார். கடைசியில் சந்தையில் போலி மட்டும்தான் மிஞ்சும். கதவில்லாத குழுக்கள் பலதும் இப்படித்தான் குப்பைத்தொட்டி ஆச்சு.

போலி என்ன சாதாரண விஷயமா? 1939-ம் வருஷத்து ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ரொம்ப அரிது, விலை லட்சங்களில். 1938 ரூபாயோ தாராளமா கிடைக்கும். கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பது ஆக்கினா போதும். லென்ஸ் வெச்சுப் பார்த்துப் பழகின கண்ணுக்கு அந்த ஒன்பதோட வால் காட்டிக் கொடுத்துடும். முந்தாநாள் சேர்ந்தவருக்கு எப்படித் தெரியும்? ராஜராஜன் பெயர் போட்ட செப்புக் காசு இன்னொண்ணு. சாதாரண நிலையில் இருக்கிறது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். "சோழர் காலப் பொக்கிஷம், அவசரத் தேவை, ஐம்பதாயிரம்"னு ஒருத்தன் போட்டா, புதுசா வந்தவருக்குக் கை துறுதுறுங்கும். வாங்கவும் ஏன் தடைன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

வாங்குறவனும் ஏமாத்துவான். போலி பேமென்ட் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டு "காசை கூரியர் பண்ணுங்க"ம்பான். இல்லைன்னா அசலை வாங்கிட்டு, தன்கிட்ட இருந்த போலியை "பிடிக்கலை"ன்னு திருப்பி அனுப்புவான்.

சட்டமும் இருக்கு. 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயசான நாணயம் தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, தொழிலா விற்க உரிமம் வேணும். மண்ணைத் தோண்டும்போது புதையல் கிடைச்சா, 1878-ம் வருஷத்துச் சட்டப்படி அதோட மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதிக் கொடுக்கணும். (காசு கலெக்டர் இல்லைங்க, மாவட்ட கலெக்டர்.) "வயல்ல கிடைச்ச பானைக் காசு, யாருக்கு வேணும்?"னு வெகுளியா பதிவு போட்ட ஒருத்தரை நானே பார்த்திருக்கேன். அன்னைக்கு அந்தப் பதிவைத் தடுத்த நிர்வாகி அவருக்கு எதிரி இல்லை.

அப்புறம் இந்தப் புளி. வீட்டில் கிடைச்ச பழைய காசை விற்கணும்னு முடிவு பண்ணினதும் நம்ம ஆளுங்க செய்யற முதல் காரியம் புளி போட்டுத் தேய்க்கிறது. சிலர் பேஸ்ட்டும் பிரஷ்ஷும். நூறு வருஷமா படிஞ்ச மேல்தோல் போச்சு, விலையில் பாதிக்கு மேல அதோட போச்சு. ஒரு மாசம் குழுவில் சும்மா படிச்சிருந்தாலே இது தெரிஞ்சிருக்கும்.

எம்பிபிஎஸ் பரீட்சை பாஸ் பண்ணின மறுநாள் எங்களையும் தனியா வைத்தியம் பார்க்க விடறதில்லை. தற்காலிகப் பதிவு கொடுத்து, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனா சீனியர் கண் பார்வையில் வேலை பார்க்கச் சொல்வாங்க. அதை யாரும் அவமானம்னு சொன்னதில்லை. நோயாளிக்கு அது பாதுகாப்பு, எங்களுக்கும்தான்.

விதியைத் திட்டறவங்க பக்கம் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். பழைய உறுப்பினர் சிலர் இந்த விதியை வலையா பயன்படுத்துறாங்க. புதுசா ஒருத்தர் "தாத்தா பெட்டியில் இது இருந்துச்சு, என்ன காசு?"ன்னு படம் போட்டா, பொதுவில் யாரும் பதில் சொல்லாம தனியா மெசேஜ் பண்ணி "இருநூறு ரூபாய் தரேன், அனுப்பிடுங்க". அவரால் வெளியே விற்க முடியாது, விலையும் தெரியாது. இது திருட்டு. புதியவர் முப்பது நாள் விற்கக் கூடாதுன்னா, அந்த முப்பது நாளும் அவர்கிட்ட பழையவர் யாரும் தனியா விலை பேசக் கூடாதுன்னும் விதி வேணும். பேசினா வெளியேத்தணும், அவர் இருபது வருஷ சீனியரா இருந்தாலும். மேலே போதாதுன்னு சொன்னது இதைத்தான். இதைச் செய்யாத நிர்வாகிகள் "பொறாமை"ன்னு வர்ற திட்டை வாங்கிக்கட்டும்.

காத்திருக்கிற மாசத்தில் என்ன செய்யலாம்? நகைக்கடையில் வெச்சிருக்கிற மாதிரி சின்ன எடை மெஷின் ஒண்ணு வாங்குங்க. 1938 வெள்ளி ரூபாய் 11.66 கிராம் இருக்கணும், தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம். எடை சரியா இருந்தா அசல்னு அர்த்தம் இல்லை, ரொம்பத் தப்பா இருந்தா போலின்னு வெச்சுக்கலாம். எங்க ஸ்கிரீனிங் டெஸ்ட் மாதிரி. இப்போ புழக்கத்தில் இருக்கிற காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்க. வைரக் குறி இருந்தா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப் புள்ளின்னா நொய்டா, எதுவுமே இல்லைன்னா கொல்கத்தா. பிள்ளைங்களோட உட்கார்ந்து உண்டியலைக் கொட்டிப் பார்க்க நல்ல விளையாட்டு, செலவும் இல்லை.

பணம் வாங்குறதுக்கு யுபிஐ பின் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னா உங்க பணம்தான் போகப் போகுது. விற்கிறவர்கிட்டயே முதல்ல கட்டணம் கேட்டா அது வியாபாரம் இல்லை, போனை வெச்சிடுங்க.

ஏற்கெனவே கட்டிட்டீங்கன்னா வெட்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள இருக்காதீங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க, சைபர் குற்றங்களுக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு இருக்கு. பரிவர்த்தனை எண், அவன் பேசின நம்பர், சாட் எல்லாம் போனில் அப்படியே இருக்கட்டும். கோபத்தில் அழிச்சிடாதீங்க.