தெருவுல நடக்க வழியில்ல, உலகச் சந்தைக்கு வழியாம்!

நல்லம்பள்ளி வாரச்சந்தைக்குப் போயிருக்கிறீர்களா தோழர்களே? துண்டுக்கடியில் விரலைப் பிடித்து ஆட்டுக்கு விலை பேசுவார்கள். பேசி முடிந்தால் கைமேல் காசு. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவன் "மூணு வருசம் கழிச்சு வா, பணம் தர்றேன்" என்றால் சந்தையே கூடி உதைக்கும். ஆனால் இந்த மாவட்டம் உட்படத் தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து இளம்பெண்களை நூற்பாலைகளுக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போன புரோக்கர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று வருசம் விடுதியில் கிட, முழுசாய் முடித்தால் மொத்தப் பணம், அதை வைத்துக் கல்யாணம். இதற்குப் பெயர் 'சுமங்கலித் திட்டம்'. வரதட்சணையை 1961லேயே சட்டம் தடை செய்துவிட்டது. அந்த வரதட்சணைப் பயத்தைக் காட்டியே ஆள் பிடித்தார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பினால் மொத்தப் பணமும் போச்சு. ஆட்டுக்கு இருந்த மரியாதை எங்க புள்ளைங்களுக்கு இல்லை.

இதைச் சொன்னால் பொருளாதார மேதைகள் சிரிக்கிறார்கள். "வேலையே இல்லாம கிடக்கறதுக்கு இந்தக் கூலி மேலில்லையா? ஏழை நாட்டுக்கு மலிவான உழைப்புதான் பலம். சந்தையைத் திறந்துவிடு, வறுமை தானாக ஒழியும்" என்கிறார்கள். 1995 ஜனவரி 1இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. 2005 ஜனவரி 1இல் துணி, ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா ஒழிந்தது. திருப்பூர் கொழித்தது. சரி, நாங்கள் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: அந்த உழைப்பு ஏன் மலிவு?

மழை இல்லாத பூமி, அதனால் மலிவு என்பார்கள். ஊர்த்தெருவுக்கும் அதே வானம்தானே? வேனில் ஏறியது யார் வீட்டுப் பிள்ளை? சுமங்கலித் திட்டத்தில் அகப்பட்டவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு தலித்துகள் என்று 2011இல் நெதர்லாந்துக்காரர்கள் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அதே 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் நாம் அய்ந்தில் ஒரு பங்கு. அய்ந்தில் ஒரு பங்கு ஜனம், பத்தில் ஆறு பங்கு அடிமைக்கூலி. இது வானம் பொய்த்ததால் வந்த கணக்கா, மனு எழுதிய கணக்கா?

மலிவு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். சேரிக்காரனுக்கு நிலம் இல்லை. ஊரில் கூலி ஆண்டை வைத்ததுதான். கூட்டிக் கேட்டால் கடன் கழுத்தைப் பிடிக்கும், வரப்பில் நடக்க விடமாட்டான். ஆலைக்காரன் அதற்கு மேல் பத்து ரூபாய் வைத்தால் போதும், ஆள் ஓடி வரும். ஆண்டை போட்ட கூலியே ஏற்றுமதிக்காரன் கூலிக்கு அஸ்திவாரம். மானியம் கொடுத்தால் வியாபாரம் கெட்டுப்போகும் என்று ஜெனீவாவில் உட்கார்ந்து சட்டம் பேசுகிறார்கள். சாதி கொடுக்கிற மானியத்தை எந்த ஒப்பந்தம் கணக்கில் எடுத்தது?

சந்தை வளர்ந்தால் கூலி தானாக ஏறும் என்பதும் பொய். தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004க்குப் பிறகு தமிழ்நாடு அரசு திருத்தி அறிவித்தது 2014இல். கோட்டா ஒழிந்து ஏற்றுமதி ஏறிய காலம் அது. அந்த உயர்வையும் எதிர்த்து முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. கூலி தானாக ஏறவில்லை. அரசு ஏற்றினாலும் பிடித்து இழுத்தார்கள்.

அப்படியானால் பழைய கிராமமே மேல் என்று சொல்ல வருகிறோமா? இல்லவே இல்லை. "அந்நிய மோகம் ஒழிக, கிராமப் பொருளாதாரம் வாழ்க" என்று கொடி பிடிக்கிற சுதேசி அய்யாக்களுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் காப்பாற்றத் துடிக்கிற கிராமம் என்ன செய்யும் என்று தருமபுரி பார்த்திருக்கிறது. 2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து 200க்கும் மேற்பட்ட வீடுகளை நொறுக்கிக் கொளுத்தியது சாதிவெறிக் கும்பல். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய், சாரத்திலும் தையல் மிஷினிலும் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த காசில் கட்டிய வீடுகள். பீரோவை உடைத்தார்கள். பைக்கைக் கொளுத்தினார்கள். படித்த சான்றிதழைக்கூட விட்டுவைக்கவில்லை. குனிந்து நிற்கவேண்டியவன் நிமிர்ந்து நிற்கிறானே என்கிற வயிற்றெரிச்சல்!

இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, வெளியூர்க் கூலி கொஞ்சமாவது நிமிர வைத்தது. அதை மறுக்கிறவன் சேரியில் வாழ்ந்து பார்க்காதவன். இரண்டு, அந்த நிமிர்வைக் காப்பாற்றச் சந்தை வரவில்லை. வீடு எரிந்தபோது எந்தச் சுதந்திர வர்த்தகம் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தது?

மில்லுக்குள் போனால் சாதி செத்துவிடும் என்று தோழர்கள் சிலர் சொன்னதும் உண்டு. பம்பாய் நூற்பாலைகளில் நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதவர்களை விடவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்திச் சேர்க்கவேண்டும், எச்சில் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தில் அம்பேத்கர் அதைக் கேள்வியாக்கினார். 1938இல் மன்மாட்டில் ரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே நம் எதிரிகள் என்றார். ஒன்றை விட்டு ஒன்றை எதிர்க்கச் சொல்லவில்லை. வாரத்துக்கு 54 மணியாக இருந்த ஆலை வேலை 1946இல் 48 மணியாகக் குறைந்தது அவர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் வந்த சட்டத் திருத்தத்தால். சந்தை போட்ட பிச்சை அல்ல.

'சுதந்திர' வர்த்தகத்தின் சுதந்திரத்தையும் பார்த்தாயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 விழுக்காடு வரி போட்டது. வாஷிங்டனில் ஒரு கையெழுத்து, திருப்பூரில் ஆர்டர் நின்றது. லாபம் வந்தபோது பங்கு கேட்டால் "மார்க்கெட்" என்றவர்கள், நட்டம் வந்ததும் "எல்லாரும் சேர்ந்து தாங்கணும்" என்றார்கள். சட்டை கடல் தாண்டும், மூலதனம் கண்டம் தாண்டும். தைத்தவள் மட்டும் விடுதி கேட்டைத் தாண்டக்கூடாது.

என்ன செய்வது? திண்டுக்கல்லைப் பாருங்கள். 2021 ஜனவரியில் ஏற்றுமதி ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்துகிற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஆலைக்காரரையும் வெளிநாட்டுத் துணிக் கம்பெனியையும் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்திட வைத்தது. பாலியல் தொல்லையும் சாதிப் பாகுபாடும் நடந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் அதிகாரம் ஆலைக்குள்ளேயே பெண்களுக்கு வந்தது. வாங்குகிறவனையும் பொறுப்பில் கட்டிப்போட முடியும் என்று காட்டியது பொருளாதார மேதை அல்ல, நம்ம வீட்டுப் பெண்கள்.

இப்போது நம் வாசலுக்கே வருகிறது. தடங்கம், அதகப்பாடி, பாலஜங்கமனஹள்ளி பக்கம் 1,700 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பேட்டை என்று அரசு அறிவித்திருக்கிறது. வரட்டும். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேட்டு வாங்கவேண்டியது இருக்கிறது. புரோக்கர் இல்லாத நேரடி வேலை. மாதாமாதம் கையில் முழுக் கூலி. பூட்டாத விடுதி. உள்ளே சங்கம். துடைப்பம் மட்டும் எங்களுக்கு, மிஷினும் ஆபீசும் அவர்களுக்கு என்கிற பங்கு பிரிப்பு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, பறிபோன பஞ்சமி நிலம் திரும்பவேண்டும். காலடியில் ஒரு ஏக்கர் இருக்கிறவனால்தான் "இந்தக் கூலிக்கு வரமாட்டேன், போய்யா" என்று சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடியாதவனிடம் பேசுகிற பேரம் பேரமே அல்ல.

மாணவத் தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்கள் காலனியில் எத்தனை பெண்கள் ஆலைக்குப் போனார்கள், பேசிய பணம் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகம்தான் நம் பொருளாதாரப் பாடம். ஆட்டுச் சந்தையில் ஆடு பேசாது. நாம் ஆடுகள் அல்ல.