கட்டிக் கொடுத்தால் கடமை முடிந்ததா?

"பெண்ணை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டேன். இனி என் கடமை முடிந்தது!"

பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணம் முடிந்ததும் இப்படிச் சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம். பாட்டனார் சொன்னார். தகப்பனார் சொன்னார். ஆனால், இன்று ஐம்பது வயதில் இருக்கும் ஒரு தகப்பனாரால் அப்படிச் சொல்ல முடியுமா?

முடியவில்லை. கல்யாணம் முடிந்த பிறகும் அவருக்குக் கவலை இருக்கிறது. போன இடத்தில் பெண் எப்படி இருக்கிறாளோ என்பது ஒரு கவலை. வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்பது இரண்டாவது கவலை. வயதான காலத்தில் நம்மை யார் பார்ப்பார்கள் என்பது மூன்றாவது கவலை.

இந்த மூன்று கவலைகளுக்கும் வேர் ஒன்றுதான். கல்யாணம் என்ற ஒரு நாளுக்காகப் பெற்றோர் எல்லாவற்றையும் செலவழித்து விடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஐம்பது வருஷத்துக்கு ஒன்றும் மிஞ்சுவது இல்லை.

பவுன் கணக்கு

முதலில் தங்கத்தை எடுத்துக்கொள்வோம்.

2000-ம் ஆண்டில் ஒரு பவுன் தங்கம் 4 ஆயிரம் ரூபாய்க்கும் குறைவு. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதே ஒரு பவுன் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது.

அன்று 10 பவுன் நகை போட்டுக் கழுத்தை நீட்டியவள் இன்று தாய். அவளுக்கு அவள் தகப்பனார் செலவழித்தது 40 ஆயிரம் ரூபாய்க்குள். தன் மகளுக்கு அதே 10 பவுன் போட, 2025 அக்டோபர் விலையில் 9 லட்சம் ரூபாய் வேண்டியிருந்தது. செய்கூலி, சேதாரம் தனி.

மாதம் 30 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்குகிறவருக்கு இது இரண்டரை வருஷச் சம்பளம். அதுவும், ஒரு வேளைகூடச் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் சேர்த்தால்தான்!

நகையோடு முடிந்ததா? மண்டபம் இருக்கிறது. பந்தி இருக்கிறது. பட்டுப்புடவை, சீர்வரிசை, போட்டோ, வீடியோ என்று பட்டியல் நீளுகிறது. "ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம் ஒவ்வொரு செலவுக்கும் காரணமாக நிற்கிறது.

செலவு இல்லாமல் கல்யாணம் செய்ய முடியாதா? முடியும். தமிழ்நாட்டில் 1967-ம் ஆண்டில், அண்ணா முதல்-மந்திரியாக இருந்தபோது, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கப்பட்டது. இந்துக்களுக்குப் பொருந்தும் இந்தச் சட்டப்படி, உற்றார் உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக் கொண்டாலே போதும். மோதிரம் மாற்றலாம். தாலி கட்டலாம். எதைச் செய்தாலும் கல்யாணம் செல்லும்.

2009-ம் ஆண்டுச் சட்டப்படி, தமிழ்நாட்டில் எந்த மதத்தினர் கல்யாணமானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆயிரம் பேருக்குப் பந்தி போடுகிற பல வீடுகளில் இந்தப் பதிவை மறந்து விடுகிறார்கள். நாளைக்குப் பாஸ்போர்ட்டு வாங்கவோ, கோர்ட்டுக்குப் போகவோ நேர்ந்தால் கைகொடுப்பது அந்தப் பதிவுச் சான்றிதழ்தான்.

அரசாங்கம் மாற்றிய கணக்கு

ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு உதவி செய்வதற்காக 1989-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு திட்டம் வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் வந்த அந்தத் திட்டத்தில் முதலில் 5 ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். பெண் பள்ளிக்கூடத்தில் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2011-ம் ஆண்டில் பணத்தோடு தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-ம் ஆண்டில் அது 8 கிராம் ஆயிற்று.

2022-ம் ஆண்டில் இந்தத் திட்டம் அடியோடு மாற்றப்பட்டது. கல்யாண உதவித் திட்டம், உயர்கல்வி உதவித் திட்டம் ஆகிவிட்டது. அதற்குப் "புதுமைப் பெண் திட்டம்" என்று பெயர். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

இதன் பொருள் என்ன? பெண்ணுக்குத் தாலித் தங்கம் கொடுத்த கை, அதை விட்டுவிட்டுப் படிப்புச் செலவைக் கொடுக்கத் தொடங்கியது. தங்கம் ஒரு நாள் அடகுக் கடைக்குப் போகலாம். படிப்பை யாரும் அடகு வைக்க முடியாது.

2021-22-ம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கில், தமிழ்நாட்டில் உயர்கல்வி பெறுவோர் விகிதம் 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் அது 28 சதவீதம். ஆகவே, மகள் படித்தவளாக இருப்பது இன்று அதிசயம் அல்ல. அவள் படிப்புக்கு ஏற்ப வீட்டார் தங்கள் கணக்கை மாற்றிக் கொள்ளாமல் இருப்பதுதான் அதிசயம்!

வயதும் சம்மதமும்

1929-ம் ஆண்டில் வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றது. 1978-ம் ஆண்டில் அது 18 ஆயிற்று, ஆணுக்கு 21. பெண்ணுக்கும் 21 ஆக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு பாராளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறவில்லை. 2024-ம் ஆண்டில் மக்களவை கலைந்ததோடு காலாவதி ஆகிவிட்டது.

18 வயதுக்கு முன்னால் கல்யாணம் செய்து வைக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100-க்கு சுமார் 13 பேர், 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் என்று தெரிந்தது. 2006-ம் ஆண்டுச் சட்டப்படி இது குற்றம். நடத்தி வைக்கும் பெற்றோரும் தண்டனைக்கு உரியவர்கள்.

வயது வந்த பிறகு யாருடைய சம்மதம் முக்கியம்? கட்டிக் கொள்ளப் போகிறவர்களின் சம்மதம்தான். வயது வந்த ஆணும் பெண்ணும் விரும்பிக் கல்யாணம் செய்ய, குடும்பத்தின் சம்மதமோ சாதியாரின் சம்மதமோ தேவை இல்லை என்று 2018-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. சட்டம் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்கவில்லை. ஆனால், பிள்ளைகள் பெற்றோரின் துணையைக் கேட்கிறார்கள். கோபத்தில் கதவைச் சாத்திய பெற்றோருக்குப் பிள்ளையின் கஷ்டம் காதில் விழுவதே இல்லை.

நகையா, பங்கா?

"பெண்ணுக்குத்தான் நகை போட்டாயிற்றே! சொத்தில் என்ன பங்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ம் ஆண்டிலேயே செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக 60 வருஷம் ஆயிற்று. 1989-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, இந்துக் குடும்பங்களில் அதுவரை கல்யாணம் ஆகாத பெண்களுக்கு, குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா என்ற பேதமும் போயிற்று. 2020-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு, "மகளுக்கு இந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது" என்று உறுதி செய்தது.

தகப்பனார் தானே சம்பாதித்த சொத்தை அவர் விருப்பப்படி எழுதி வைக்கலாம். எழுதாமல் இறந்தால், அதிலும் மகனுக்கும் மகளுக்கும் பங்கு ஒன்றே.

ஆக, நகை போட்டதால் பங்கு தீர்ந்துவிடாது. கடன் வாங்கி நகை போட்டுவிட்டு, பிறகு அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பது என்ன நியாயம்? நகையைக் குறைத்துக்கொண்டு, பெண் பெயரில் கால் கிரவுண்டு நிலமோ, பாங்கியில் வைப்புத் தொகையோ இருந்தால் அவளுக்குக் காலூன்ற ஓர் இடம் இருக்கும்.

"அனுசரித்துப் போ"

கல்யாணம் ஆன பெண் ஒரு நாள் கண்ணீரோடு வந்து நிற்கிறாள். பெற்றோர் என்ன சொல்கிறார்கள்?

"குடும்பம் என்றால் நாலும் இருக்கும். அனுசரித்துப் போ."

அனுசரிக்க வேண்டியவை உண்டு. குழம்பில் உப்புக் குறைந்தால் அனுசரிக்கலாம். மாமியார் முணுமுணுத்தால் பொறுக்கலாம். கணவன் முன்கோபக்காரனாக இருந்தால் பேசித் தீர்க்கலாம். ஆனால் அடி உதையை அனுசரிக்க முடியுமா? "உன் அப்பனிடம் போய் இன்னும் வாங்கி வா" என்பதைப் பொறுக்க முடியுமா? இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் ஆபத்து.

வரதட்சணை தடைச் சட்டம் வந்தது 1961-ம் ஆண்டில். அந்தச் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். கணவனும் அவன் வீட்டாரும் பெண்ணைக் கொடுமை செய்தால் தண்டிக்க 1983-ம் ஆண்டில் சட்டம் வந்தது. கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள் வரதட்சணைக் கொடுமையால் பெண் இறந்தால் குறைந்தது 7 வருஷம் ஜெயில் என்று 1986-ம் ஆண்டில் வந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை முதல், இவை புதிய நியாயச் சட்டத்திலும் அப்படியே இருக்கின்றன.

இத்தனை இருந்தும், 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் வரதட்சணைச் சாவுகள் ஆறாயிரத்துக்கு மேல் பதிவாயின.

அவர்களில் எத்தனை பேர் முன்பே ஒரு தடவை தாய் வீட்டுக்கு வந்து, திரும்ப அனுப்பப்பட்டார்களோ! பெற்றோர் கல்நெஞ்சம் உள்ளவர்கள் அல்ல. "வாழாவெட்டி" என்று ஊர் பேசுமே என்று பயப்படுகிறார்கள். இளைய மகளுக்கு வரன் அமையாதே என்று அஞ்சுகிறார்கள். கல்யாணக் கடனே தீரவில்லையே என்று கலங்குகிறார்கள். ஆனால் கடனை எப்பாடு பட்டாவது அடைக்கலாம். உயிர் திரும்பி வருமா?

பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே சொந்தம் என்று 1985-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கொடுமைக்கு ஆளான பெண், புகுந்த வீட்டில் குடியிருக்கவே உரிமை கேட்கலாம் என்று 2005-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம். இவையெல்லாம் தெரிந்திருந்தும், திரும்பி வர ஒரு வீடு இல்லை என்றால் பெண் வாய் திறக்கமாட்டாள்.

பெண் வந்து வாசலில் நின்றால், முதல் கேள்வி, "மாப்பிள்ளை எங்கே?" என்று இருக்கக்கூடாது. "சாப்பிட்டாயா?" என்று இருக்க வேண்டும்.

பிள்ளையைப் பெற்றவர்களுக்கு

ஆண் பிள்ளையைப் பெற்றவர்களுக்குக் கடமை இல்லையா? அதிகமாகவே உண்டு.

2024-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவழிக்கிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவழிப்பது 88 நிமிடம்.

மருமகளும் ஆபீசுக்குப் போகிறாள். மகனும் போகிறான். மாலையில் இருவரும் களைத்து வருகிறார்கள். அவன் செல்போனை எடுத்துக்கொண்டு உட்காருகிறான். அவள் அடுப்படிக்குப் போகிறாள். சண்டை எங்கே தொடங்குகிறது என்று வேறு எங்கும் தேட வேண்டாம்! சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்க மகனுக்குப் பத்து வயதில் பழக்கிய தாய், வரப்போகும் மருமகளுக்குப் பெரிய சீர் செய்தவள் ஆகிறாள்.

முதுமைக்கு யார்?

அதே 2019-21 ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகள். வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்தப் பிள்ளையும் வேலைக்காக வெளியூர் போகிறது. மறுபக்கம், 2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்களில் 100-க்கு சுமார் 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டது.

பெற்றோரைப் பராமரிக்க 2007-ம் ஆண்டில் சட்டம் வந்தது. மகனிடம் மட்டும் அல்ல, மகளிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை உத்தரவிட அந்தச் சட்டம் வழி செய்தது. கவனித்துக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளை கவனிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். முதியோர் நலனை மனதில் வைத்தே இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று 2025-ம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆகவே, எழுதும்போதே நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுவது புத்திசாலித்தனம்.

ஆனால், பெற்ற பிள்ளை மீது மனுக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதைவிட, இருப்பதையெல்லாம் ஒரே நாளில் பந்தலில் கொட்டாமல், தங்களுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்வது மேல். கையில் காசு உள்ள முதியவர்கள் பிள்ளைகளுக்குப் பாரமாக இருப்பதில்லை.

அப்படியானால் கடமை எது?

பெண்ணைப் படிக்க வைப்பது கடமை. அவள் வயதுக்கும் விருப்பத்துக்கும் காத்திருப்பது கடமை. அவள் பங்கை மறைக்காமல் கொடுப்பது கடமை. மகனுக்கு வீட்டு வேலை கற்றுக் கொடுப்பது கடமை. தங்கள் முதுமைக்குச் சேர்த்து வைப்பதும் கடமைதான்.

ஆயிரம் பேர் சாப்பிட்ட பந்தியை ஆறு மாதத்தில் ஊர் மறந்துவிடும். கஷ்டம் என்று வந்த நாளில், எந்நேரமானாலும் தாய் வீட்டுக் கதவு திறந்ததா என்பதைப் பெண் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.