எருக்குழியில் புழுவைக் கொன்றது யார்?

உழவனின் நண்பன் யார் என்று கேட்டால், மண்புழு என்று உடனே சொல்லிவிடுவோம். பூசணமும் நண்பன்தான் என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். ஊறுகாய் ஜாடியைக் கெடுப்பது அதுதானே என்பார்கள். ஆனால் பூசணங்களில் சில, பயிருக்குக் கேடு செய்யாமல் பூச்சிகளைப் பிடித்துக் கொல்பவை.

தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டை எடுத்துக்கொள்வோம். இது குருத்தைத் துளைத்துத் தின்னும். பிறகு விரியும் மட்டை, கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருக்கும். ஆனால் வண்டு முட்டையிடுவதும் புழு வளர்வதும் பெரும்பாலும் எருக்குழியில்தான். ஆகவே மெட்டாரைசியம் என்னும் பூசணத்தை எருக்குழியில் கலந்துவிடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. பூசணத்தின் வித்து புழுவின் தோலில் ஒட்டி முளைக்கிறது. தோலைக் கரைத்து உள்ளே நுழைகிறது. உடல் முழுதும் பரவுகிறது. சில நாட்களில் புழு இறந்து விறைக்கிறது. பின்னர் அதன்மேல் பச்சை மாவு தூவியது போல் புதிய வித்துகள் தோன்றுகின்றன. 1879ஆம் ஆண்டிலேயே ரஷ்ய அறிஞர் மெச்னிகாவ், கோதுமை வண்டுகளில் இப்பூசணத்தைக் கண்டு, இதைப் பயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுத்த முயன்றார்.

செம்பரம்பாக்கம் போன்ற ஊர்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அங்குள்ள ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. ஏரியைச் சுற்றியுள்ள நிலத்தில் எதைத் தெளித்தாலும், மழைநீர் அதை ஏரியில் கொண்டு சேர்க்கக்கூடும். நச்சு மருந்தைக் குறைக்கும் எந்த வழியும் அங்கே வரவேற்கத்தக்கதே.

சரி, எருக்குழியில் பச்சை பூத்த புழு ஒன்று செத்துக் கிடக்கிறது. அதைக் கொன்றது யார்? நாம் வாங்கிப் போட்ட பூசணமா? மண்ணில் முன்பே இயற்கையாக வாழ்ந்துவந்த அதன் பங்காளியா? கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். நுண்ணோக்கியில் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம்.

இங்கேதான் டி.என்.ஏ. சோதனை உதவுகிறது. செத்த புழுவிலிருந்தோ மண்ணிலிருந்தோ டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, வேண்டிய துண்டை மட்டும் பி.சி.ஆர். கருவியில் பெருக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் துண்டு இரட்டிக்கிறது. 30 சுற்றுகளில் ஒன்று, 100 கோடிக்கு மேல் ஆகிவிடும். நீங்களே பெருக்கிப் பாருங்கள்! அதை நாம் போட்ட பூசணத்தின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். இப்படி ஒப்பிட்டதால்தான், மெட்டாரைசியம் அனைசோப்ளியே என்று ஒரே பெயரில் அழைத்துவந்தது உண்மையில் பல இனங்கள் என்று 2009இல் தெளிவாயிற்று. காண்டாமிருக வண்டைத் தாக்கும் வகை, மெட்டாரைசியம் மேஜஸ் என்ற தனி இனமாயிற்று.

“புழு செத்தால் போதாதா? யார் கொன்றால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். போதாது என்பதே என் கருத்து. மண்ணில் இருந்த பூசணமே கொன்றது என்றால், உழவர் ஆண்டுதோறும் பொட்டலம் வாங்குவது வீண் செலவு. நாம் போட்டது குழியில் நிலைத்துவிட்டது என்றால், மறுபடி எப்போது போடுவது என்று கணக்கிடலாம். ஒரு புழுவும் சாகவில்லை என்றால், குறை சரக்கிலா, வறட்சியிலா என்று ஆராயலாம். விடை தெரியாத உழவர், பூசணமே உதவாது என்று முடிவு கட்டி, மீண்டும் நச்சு மருந்தை நாடுவார்.

ஆனால் டி.என்.ஏ. சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. செத்த வித்திலும் டி.என்.ஏ. சிறிது காலம் இருக்கும். இன்ன பூசணம் என்று சோதனை சொல்லும். அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குப் பழைய முறைதான் வேண்டும். கண்ணாடித் தட்டில் ஊட்டக் கூழ் இட்டு, வித்துகளை முளைக்கவிட்டு எண்ண வேண்டும். நம் நாட்டு விதிப்படி இத்தகைய பூசணத் தூளில் கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும். பல நாள் வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அத்தனை இருக்குமா?

எனவே, பதிவின்போது சோதிப்பதோடு நின்றுவிடாமல், கடையில் விற்கும் பொட்டலத்திலும் இரண்டு சோதனைகளையும் சேர்த்தே செய்ய வேண்டும். குழியில் போடுவதற்கு முன் ஒரு முறையும், சில மாதங்கள் கழித்து மறு முறையும் மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தச் செலவை ஏழை உழவரின் தலையில் கட்டக் கூடாது. மண் பரிசோதனை நிலையங்களை நடத்துவது போல் அரசே இதையும் ஏற்க வேண்டும்.

மாணவர்களே! எருக்குழியில் பச்சை பூத்த புழுவைக் கண்டால் கையால் தொடாதீர்கள். இடம், நாள், மழை பெய்ததா, குழியில் என்ன போட்டார்கள் என்று குறித்துக்கொண்டு உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்தக் குறிப்புகள் இல்லாமல் எந்தச் சோதனைக்கூடமும் முழு விடை சொல்ல முடியாது.