கம்பியும் சங்கிலியும்

மனநோயாளிக்கு மின்சாரம் செலுத்துவது வைத்தியமா, வதையா? இந்த வினாவை எமது முற்போக்கு நண்பர்கள் சிலர் எழுப்புவதும், எழுப்பிய வாயாலேயே வதைதான் என்று தீர்ப்புக் கூறிவிடுவதும் வழக்கமாகிவிட்டன. ஊர் மக்களும் அதே தீர்ப்பைத்தான் வேறு சொற்களிற் கூறுகின்றனர். "கறண்ட் வைச்சால் ஆள் முடிஞ்சுது" என்பது அச்சுவேலிச் சந்தையிலும் கேட்கக்கூடிய பேச்சு. படித்தவரும் படியாதவரும் இவ்வளவு ஒருமனப்பட்டு ஒன்றைச் சொல்லும்போது, அதனை உரைத்துப் பார்ப்பது கற்பிக்கும் தொழிலில் உள்ள நமது கடமையாகும்.

அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை மறைப்பதில் நன்மையில்லை. 1938ஆம் ஆண்டில் உரோமாபுரியில் செர்லெத்தி, பீனி என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலாக ஒரு மனிதனின் தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பை உண்டாக்கினர். புகையிரத நிலையத்திலே திக்கின்றித் திரிந்தபோது காவலர் பிடித்து அனுப்பிய மனிதன் அவன். அவனது சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் இச்சிகிச்சை மயக்க மருந்தின்றியே நடைபெற்றது. வலிப்பின் வேகத்தில் எலும்புகள் முறிந்தன. அடங்காத நோயாளரை அச்சுறுத்த அதே பொறியைப் பயன்படுத்திய வைத்தியசாலைகளும் இருந்தன. மூளையின் முற்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் சத்திரசிகிச்சையைப் புகுத்திய எகாஸ் மொனிசுக்கு 1949இல் நோபல் பரிசே வழங்கப்பட்டது. ஆகவே, வெள்ளை அங்கி அணிந்தவர் செய்வதெல்லாம் விஞ்ஞானம் என்று கைகூப்பி நிற்குமாறு நாம் எவரையும் அழைக்கவில்லை.

ஆனால் 1938ஐ மட்டும் அறிந்துகொண்டு இன்றைய நோயாளிக்குத் தீர்ப்பளிப்பதும் விஞ்ஞானமன்று. இன்று முறைப்படி நடைபெறும் சிகிச்சையில் நோயாளி மயக்க மருந்தினால் உறங்குகிறார். தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்கப்படுகிறது. சில விநாடிகளே மின்சாரம் செல்கிறது. வலிப்பு ஒரு நிமிடமளவில் ஓய்ந்துவிடுகிறது. பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறையாக, ஆறு முதல் பன்னிரண்டு முறை செய்யப்படும். உணவையும் நீரையும் மறுத்து, உயிரையே வெறுத்துக் கிடக்கும் கடுஞ்சோர்வு நோயாளரை இது மீட்டெடுக்கிறது. மருந்துகளைவிட இது கூடுதலான பயன் தருகிறதென்று 2003இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் வெளிவந்த விரிவான ஆய்வு காட்டிற்று. தீங்கும் உண்டு. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் அழியலாம். சிலருக்கு வாழ்வின் பழைய நினைவுகள் சிலவும் மீளாதொழிகின்றன. இதனை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். தீங்கை மறைக்கும் மருத்துவரும் பயனை மறைக்கும் புரட்சிக்காரரும் நோயாளியை அறிவிலியாகவே நடத்துகின்றனர்.

நரம்பிலே ஓடுவது மின்கணத்தாக்கம் என்று வகுப்பறையில் நாமே கற்பிக்கிறோம். இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடித்ததைக் கல்வானி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டார். மூளை மின்னால் இயங்கும் உறுப்பு என்றால், அதன் நோய்க்கு மின்னும் மருந்தாகலாம் என்பதில் வியப்பென்ன? பரீட்சையில் கணத்தாக்கத்துக்குப் புள்ளி வாங்கிய மாணவன், வீட்டில் அக்காவுக்குச் சித்தம் கலங்கியதும் நூல் கட்டுவிக்க ஓடுகிறானென்றால், நமது விஞ்ஞானப் பாடம் பாடசாலைப் படலையைத் தாண்டவில்லை என்றே பொருள்.

கம்பியைக் கண்டு நடுங்கும் சமுதாயம் சங்கிலியைக் கண்டு நடுங்கவில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியிலே, தர்காவின் அருளால் நோய் தீருமென நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்களைத் தனியார் விடுதிகளிற் சங்கிலியிட்டு வைத்திருந்தனர். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் அத்தகைய ஒரு விடுதியில் தீ மூண்டது. ஓட முடியாமற் கட்டுண்டிருந்த 28 பேர் மாண்டனர். தூரத்து ஊரின் கதைதானே என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. கயிறும் கட்டிலும் பூட்டிய அறையும் நமது வீடுகளுக்குப் புதியவையல்ல.

நோயுற்றவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவே நாம் நாணுகிறோம். மந்திகை, தெல்லிப்பழை, அங்கொடை ஆகியன ஊர்ப்பெயர்கள். அவற்றை வசைச்சொற்களாக்கியவர் யார்? நாமே. மாணவன் ஒருவன் மற்றவனை "மந்திகைக்குப் போ" என்று பழித்தால் ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறார். தமிழ்த் திரைப்படமோ பைத்தியக்கார வேடத்தை நகைச்சுவைக்கும், மின்சாரச் சிகிச்சையை வில்லனின் கொடுமைக்கும் ஒதுக்கிவிட்டது. இந்தச் சிரிப்பின் விலையை உயிர்களால் அளக்கவேண்டும். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. பின்னர் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்ததால் அத்தொகை பெரிதும் குறைந்தது. அறிவுரை செய்யாததை அரசின் ஒரு கட்டளை செய்தது என்பதை இங்கு குறித்துக்கொள்வோம். போரும் இடப்பெயர்வும் நமது மக்களின் உள்ளத்தில் விளைத்த காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூலாக எழுதிவைத்தார். காயம் எழுதப்பட்டுவிட்டது; காயத்தோடு வருபவரின் உரிமை எழுதப்படவில்லை.

அந்த உரிமையைத் தரவேண்டிய சட்டம் எப்படியிருக்கிறது? நமது உளநோய்க் கட்டளைச்சட்டம் 1873இல் ஆங்கிலேயர் ஆக்கியது. எடிசனின் மின்விளக்குக்கும் அது மூத்தது! 1956இல் திருத்தப்பட்டு, நோயாளி தாமாக வந்து சேர வழி பிறந்தது. எனினும் ஒருவரைப் பிடித்து எவ்வாறு காவலில் வைப்பது என்பதே அதன் அடிப்படைக் கவலை. 2005இல் அமைச்சரவை ஏற்ற மனநலக் கொள்கை புதிய சட்டம் வேண்டுமென்றது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பழையதன் இடத்தில் புதியது அமரவில்லை. இந்தியாவிலோ 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மயக்க மருந்தும் தசைத்தளர்த்தியும் இன்றி மின்வலிப்புச் சிகிச்சை செய்வதை வெளிப்படையாகத் தடைசெய்துள்ளது. நமது மருத்துவர்களின் வழக்கம் நல்லதாக இருக்கலாம். ஆயினும் நல்ல வழக்கம் மருத்துவரின் கருணை. சட்டமே நோயாளியின் உரிமை.

இன்னொரு பக்கம் சந்தை விழித்துக்கொண்டிருக்கிறது. மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்த பரடே ஒரு கொல்லனின் மகன். புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகியவர். அவர் கண்ட விதியைக்கொண்டே 1985இல் செபீல்டில் பார்க்கரும் அவருடைய தோழர்களும் தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டினர். 1987இல் பிரான்சின் கிரனோபிளில் பெனபிட் என்ற மருத்துவர் மூளையின் ஆழத்தில் நுண்கம்பியைப் பதித்து இடையறாத மின்துடிப்பால் நடுக்கத்தைத் தணித்தார். இன்று பார்க்கின்சன் நோயாளர் பலர் நெஞ்சின் தோலுக்கடியில் மின்கலத்துடன் நடமாடுகின்றனர். மகத்தான செயல்! ஆனால் கருவியின் விலை இந்திய ரூபாவிலேயே பல இலட்சம். அச்சுவேலிச் செம்மண்ணில் வெங்காயம் நடுகின்ற கிழவருக்குக் கை நடுங்கினால் அவருக்கு இதில் என்ன பங்கு?

வாங்கியவர்க்கும் உறுதியில்லை. தாங்கொணாத் தலைவலிக்காக முகத்தினுள்ளே பொருத்தும் மின்தூண்டியைச் செய்த அமெரிக்க நிறுவனமொன்று 2019இல் மூடப்பட்டது. கருவி நூற்றுக்கணக்கானோரின் முகத்திற்குள் இருக்க, அதைப் பேண வேண்டியவர் கடையைக் கட்டிவிட்டார். இலாபம் இருக்கும்வரையே கவனிப்பு என்ற நியதி மூளைக்குள்ளும் புகுந்துவிட்டது.

வேறு வழியில்லை என்பார்க்குத் திருவனந்தபுரம் விடையளிக்கும். இந்திய அரசின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இறக்குமதி வால்வின் விலைக்கு அஞ்சாமல் தானே இதய வால்வை உருவாக்கி, 1990இல் நோயாளிக்குப் பொருத்திக் காட்டிற்று. மூளைக்குள் கம்பி பதிக்கும் சத்திரசிகிச்சையும் அங்கே நடைபெறுகிறது. பொதுப்பணத்தில் பொதுமக்களுக்காக விஞ்ஞானம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆதலால் நண்பர்களே, மின்சாரத்தின்மீது வழக்குத் தொடுப்பதை விடுவோம். 1873இன் சட்டத்தை நீக்கிப் புதியதை ஆக்கும்படி கேட்போம். நோயாளிக்கு விளங்கும் தமிழில் விளக்கம், எழுத்து மூலமான சம்மதம், மறுக்கும் உரிமை, மயக்க மருந்து ஆகியவற்றைச் சட்டத்தில் எழுதுமாறு கேட்போம். புதிய கருவிகள் வரும்போது அவை அரசாங்க வைத்தியசாலையின் வாசலுக்கும் வரவேண்டுமென்று கேட்போம். தொழிற்சங்கக் கூட்டத்திலே சம்பள உயர்வுக்கு அடுத்த தீர்மானமாக இதை வைக்க ஆசிரியர்களால் முடியும். வகுப்பறையில் "மந்திகை" என்ற சொல்லுக்கு எழும் சிரிப்பை நாளைக் காலையிலேயே நிறுத்தவும் முடியும். அதற்கு எந்தச் சட்டமும் வரவேண்டியதில்லை.