நீர்ப்பட்டு குறைப்பட்டு அல்ல

ஓடைகளில் வாழும் கேடிஸ் புழுவின் பட்டு, பட்டுப்புழுவின் பட்டுக்கு முந்தைய படி என்கிறார் சென்ற இதழின் கட்டுரையாளர். இரண்டு புரதங்களோடு தேங்கிப்போன அந்தப் பட்டு, மூன்றாவது புரதம் சேர்ந்த பிறகே முழுமை பெற்றதாம். முடிவும் தவறு, அதற்கு அவர் போட்ட கணக்கும் தவறு.

கேடிஸ் பூச்சிகளும், பட்டுப்பூச்சி அடங்கிய அந்துப்பூச்சிகளும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த சகோதர வரிசைகள். பிரிந்து 20 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவர் சொல்லும் இரண்டு புரதங்களான கன ஃபைப்ரோயின், இலகு ஃபைப்ரோயின் ஆகியவற்றின் மரபணுக்கள் அந்த மூதாதையின் சொத்து. பொது மூதாதை உண்டு என்பதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் சகோதரியைத் தாயாக்குவது எந்த வம்சாவளிக் கணக்கிலும் செல்லாது.

பி25 என்ற மூன்றாவது புரதம் கேடிஸிடம் இல்லை என்பதே அவரது பெரிய சான்று. டஸ்ஸர் பட்டு தரும் ஆந்தேரியா இனத்தை அவர் பார்க்கவே இல்லை. அதன் இழையில் பி25 மட்டுமல்ல, இலகு ஃபைப்ரோயினும் கிடையாது. கன ஃபைப்ரோயின்களே இரண்டிரண்டாக இணைகின்றன. புரத எண்ணிக்கைதான் வளர்ச்சியின் அளவுகோல் என்றால், பட்டுப்பூச்சிக்கு நெருங்கிய உறவான டஸ்ஸர் பூச்சி கேடிஸுக்கும் கீழே போக வேண்டும். அவர் அளவுகோல் அங்கேயே முறிந்துவிடுகிறது.

கன ஃபைப்ரோயினின் இரு முனைகளும் இரு வரிசைகளிலும் ஒத்திருக்கின்றன. பரிணாமம் வேலை செய்தது நடுவில், திரும்பத் திரும்ப வரும் பகுதியில். பட்டுப்புழுவில் அங்கே கிளைசினும் அலனைனும் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. கேடிஸிலோ செரின் வரிசைகள். அவற்றில் பல பாஸ்பேட் ஏற்றவை. பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டம் கால்சியத்தைப் பற்றி இழையை இறுக்குகிறது. ஆய்வகத்தில் கால்சியத்தை நீக்கினால் இழை வலுவிழக்கிறது. திரும்பக் கொடுத்தால் வலு மீள்கிறது. ஓடும் நீருக்குள்ளேயே மணலையும் கல்துணுக்கையும் ஒட்டி வீடு கட்டும் திறன் இந்தப் பட்டினுடையது. இதைத் தேக்கம் என்று எழுத, புரத வரிசையை ஒருமுறைகூடப் படிக்காதவரால்தான் முடியும்.

'நீர்ப்பூச்சிகளின் பட்டெல்லாம் ஒரே மரபணுவின் வழிவந்தவை' என்ற அவரது வாக்கியம் இதைவிட மோசம். குளத்துச் சேற்றில் குழாய் கட்டும் கைரோனோமஸ் புழுவும் பட்டு நூற்கிறது. அதன் பெரும் புரதங்கள் பால்பியானி வளைய மரபணுக்களிலிருந்து வருபவை. ஃபைப்ரோயினோடு அவற்றுக்கு உறவில்லை. பூச்சிகளில் பட்டு பலமுறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இந்தப் பட்டுகள் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஊறுவதால் எல்லாம் ஒரே பொருள் என்று முடிவுகட்டிவிட்டு மரபணுவைப் பற்றிப் பேசக்கூடாது.

ஈரத்தில் ஒட்டும் மருத்துவப் பசைக்கு வழிதேடும் ஆய்வாளர்கள் கேடிஸ் பட்டை ஆராய்வது, பட்டுப்புழுவிடம் இல்லாத வேதியியல் அதனிடம் இருப்பதால்தான். அதைக் குறைப்பட்டு என்று மாணவர்களுக்குக் கற்பித்தால், அவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். பரிணாமத்தை ஏணியாக வரையும் பழக்கத்தால் வரும் இழப்பு இது. கட்டுரையாளர் தன் முடிவை வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும்.