குழவி இல்லாத ஆட்டுரல்

என் அக்காவின் வீட்டுப் பூஜையறை அலமாரியில், விளக்குத் திரியும் கற்பூரமும் வைத்திருக்கும் டப்பாக்களுக்குப் பின்னால், ஓரம் பிய்ந்து நிறம் கறுத்துப்போன பனையோலைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு குடித்தனமே இருக்கிறது. அடுப்பு, பானை, குடம், செம்பு, அகப்பை, தோசைக்கல், இட்லிக் கொப்பரை, அம்மி, உரல், உலக்கை, திருகை, ஆட்டுரல் என்று அந்தக் காலத்து வீடொன்றில் விடிந்ததிலிருந்து அடைகிற வரை பெண்களின் கை படக்கூடிய சாமான்களெல்லாம், பெருவிரல் அளவுக்கு மேற்படாத உருவத்தில், மரத்தில் கடைந்து அரக்குப் பூசி அதில் கிடக்கின்றன. 1958ஆம் வருஷம் ஆடி அமாவாசையன்று பாபநாசத்தில் ஸ்நானம் முடித்துத் திரும்பும் வழியில், அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில் அப்பா அதை வாங்கிக் கொடுத்தபோது அக்காவுக்கு வயது 9, எனக்கு 7. நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தும் கடைக்காரர் பன்னிரண்டணா என்றுதான் விலை சொன்னார். அப்பா அதை 75 நயா பைசாவாக எண்ணிக் கொடுத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

செப்புச் சாமான் என்று நாங்கள் அதைச் சொல்லுவோம். செப்பு என்பது பழைய சொல். நகையோ சந்தனமோ வைக்கிற, மூடி போட்ட சிறு பேழைக்கு அப்பெயர் வெகு காலமாக வழங்கி வந்திருக்கிறது. வெளியே இணைந்திருப்பதுபோல் தோன்றி உள்ளே கூடாமலிருக்கும் குடும்பத்துக்கு, பேழையும் மூடியும் பொருந்தியிருப்பதைத்தான் வள்ளுவர் உவமையாக எடுத்துக்கொண்டார். அந்தக் குறளைப் பிற்காலத்தில் படித்தபோது, அக்காவின் பெட்டியிலிருந்த குங்குமச் செப்பின் மூடியைத் திறக்கையில் எழும் மெல்லிய ஓசைதான் எனக்கு முதலில் கேட்டது; அர்த்தம் அப்புறம்தான் வந்தது.

அக்காவின் குடித்தனம் எங்கள் வீட்டுப் புறவாசலில் பூவரச மரத்தடியில் நடந்தது. கன்னடியன் கால்வாய்க் கரையிலிருந்து அள்ளி வந்த மணல் அரிசி. செங்கல்லை உரசி எடுத்த பொடி மிளகாய்ப்பொடி. ஆவாரம்பூவின் இதழ்கள் பருப்பு. பூவரச இலை தட்டு. அதே இலையைச் சுருட்டி நுனியைக் கடித்துவிட்டால் கல்யாண வீட்டு நாகஸ்வரம். நான் அந்த வீட்டுக்கு ஒரு நாள் விருந்தாளியாகவும் ஒரு நாள் விறகு கொண்டுவந்து போடுகிறவனாகவும் பெரும்பாலும் வேலைக்காரனாகவும் இருந்தேன். அக்கா உத்தரவு போடுவாள், நான் செய்வேன். "ஏலே, உளுந்து நனையப் போட்டியா?" என்பதுதான் அன்றாடம் அவளுடைய முதல் விசாரணை. நாலு பொடிக்கற்களைச் சிரட்டைத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, "போட்டாச்சுக்கா" என்று நான் சொன்ன பிறகே அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

ஆட்டுரலில் மாவு ஆட்டுவதுபோல் அவள் செய்யும் அபிநயத்தை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மாவும் ஆச்சியும் கருங்கல் உரலின் முன்னால் பலகையைப் போட்டு அமர்ந்து, வலது கையால் குழவியைச் சுழற்றிக்கொண்டே, குழியிலிருந்து பொங்கி விளிம்புக்கு வரும் உளுந்து மாவை இடது கை விரல்களால் மறுபடி மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒரு கை சுற்றும்போது இன்னொரு கை அதன் பாதையில் சிக்கிக்கொள்ளாமல் விலகி விலகி வந்து போகும் அந்தத் தாளம் பல வருஷத்துப் பழக்கத்தில் கைகளுக்குத் தாமே படிவது. ஒன்பது வயசுப் பெண், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக அந்தச் சின்னக் குழவியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு, இல்லாத மாவை இடது கையின் சுண்டுவிரலால் உள்ளே தள்ளிவிடுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தைக்கும் குழவி என்று பெயர், உரலின் மடியில் உட்கார்ந்து சுழலும் கல்லுக்கும் குழவி என்று பெயர். அந்த ஒற்றுமையில் நம்முடைய பாஷைக்கு ஏதோ ஒரு பிரியம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் குழவியைத்தான் நான் திருடினேன்.

தெருவில் அப்போது பம்பரக் காலம். வட்டத்துக்குள் தோற்று வைக்கப்பட்ட பம்பரத்தை மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் குத்துவார்கள். அந்தக் காயத்துக்கு அக்கு என்று பெயர். என் பம்பரம் ஒரே மாலையில் ஏழெட்டு அக்குகள் வாங்கிக் கடைசியில் இரண்டாகப் பிளந்துபோயிற்று. வேறு வாங்கித் தரச் சொல்லிக் கேட்கத் தைரியமில்லை. கீழே பருத்து மேலே சிறுத்து, வழவழப்பாக, அரக்கு மினுமினுக்க இருந்த அந்தக் குழவியைப் பார்த்தபோது, அதற்குள் ஒரு பம்பரம் ஒளிந்துகொண்டிருப்பதாக எனக்கு நிச்சயம் தோன்றியது. மத்தியானம் எல்லாரும் கண்ணயர்ந்திருந்த வேளையில் எடுத்துப் போய், ஓர் ஆணியை வைத்துக் கல்லால் ஓங்கி அடித்தேன். நரம்போடு நரம்பாக மரம் விண்டுவிட்டது. இரண்டு பாதிகளையும் கால்வாயில் எறிந்துவிட்டு வந்து, வாய் திறக்காமல் படுத்துக்கொண்டேன்.

அக்கா இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் ஒரு பூவரசங்காயைப் பறித்து வந்து உரலில் வைத்து ஆட்டத் தொடங்கினாள். அந்தக் காயில் ஓர் ஈர்க்கைச் செருகிச் சுற்றிவிட்டால் அதுவே நல்ல பம்பரம் என்பது தெருவிலிருந்த சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் அண்ணாந்து பார்த்திருந்தால் மரம் நிறையத் தொங்கியிருக்கும். இதை நினைத்து நான் வருந்தாத வருஷமில்லை.

விளையாட்டுச் சாமான் என்பது பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் குழந்தையின் கைக்குள் வைப்பது என்று நாம் நினைக்கிறோம். நான் இத்தனை காலம் கண்டதில், அது ஒரு பெரிய பத்திரப் பெட்டியும்கூட. எங்கள் வீட்டைப் பாகம் பிரித்து விற்றபோது, நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அந்தக் கருங்கல் ஆட்டுரலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுக்கு மாடிக் குடியிருப்பின் எந்த மூலையில் அதை வைப்பது? கடைசியாக நான் பார்த்தபோது, குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கோழிகள் அதில் குடித்துக்கொண்டிருந்தன. திருகை போன இடம் தெரியவில்லை. இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும் கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்தில் நிற்கிறது. ஆட்டுரலிலோ கல் நிற்கும், குழவி சுற்றும். இந்த வித்தியாசத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், அக்காவின் ஓலைப் பெட்டியைத் திறப்பதைத் தவிர எங்கள் குடும்பத்தில் வேறு மார்க்கமில்லை. நிஜமான சமையற்கட்டு அழிந்துபோய், அதன் பொம்மை மட்டும் சாட்சியாக நிற்கிறது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விஷயமன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் மாடமாளிகைகளைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆனால் அங்கே ஒரு வீட்டு முற்றத்தில், உலர்த்திய தானியத்தைத் தின்ன வந்த கோழியை ஓட்டப் பெண்ணொருத்தி எறிந்த பொற்குழை, சிறுவர்கள் உருட்டி வந்த மூன்று சக்கர விளையாட்டுத் தேருக்குக் குறுக்கே கிடந்து தடுத்த காட்சி, பட்டினப்பாலையில் அழியாமல் இருக்கிறது. அதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், தச்சர்கள் செய்த தேரை உருட்டிக் களைத்துப்போய்ச் செவிலியரிடம் பால் குடித்து உறங்கும் குழந்தைகளைக் காட்டுகிறார். தச்சன் செய்து கொடுத்த சின்னஞ்சிறு தேரில் ஏறிச் செல்ல இயலாவிட்டாலும் கையால் இழுத்தே இன்பம் காணும் சிறுவர்களைக் குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் பாடியிருக்கிறார். எங்கள் ஊர் ஆசாரி எனக்குச் செய்து கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டே நான் நடை பழகியதாக ஆச்சி சொல்லும் நடைவண்டிக்கும் மூன்றே சக்கரங்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் சிற்றிலையும் சிறுபறையையும் சிறுதேரையும் கடவுளின் பால்யத்துக்கே உரியனவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவத்தை ஒதுக்கினார்கள். விளையாட்டுச் சாமானுக்கு அதைவிட உயர்ந்த ஸ்தானத்தை வேறு யார் கொடுத்துவிட முடியும்?

இந்தக் காலத்துக் குழந்தைகளின் பிளாஸ்டிக் சமையற்கட்டை நான் குறைவாகப் பேசத் துணியமாட்டேன். கேஸ் அடுப்பும் சிலிண்டரும் குக்கரும் மிக்சியுமாக அதுவும் அவர்கள் கண்ணெதிரே காணும் வீட்டின் விசுவாசமான பிரதியே. நாளைக்கு நிஜ சிலிண்டர் மறைந்து போனால் அந்தப் பொம்மைதான் சாட்சி சொல்லும். ஆனால் அதில் மணலும் தண்ணீரும் சேருவதில்லை என்பதும், அது உடைந்தால் செப்பனிட்டுத் தர ஊரில் ஒருவரும் இல்லை என்பதும் என் மனத்தை உறுத்துகின்றன.

செப்பனிட ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் சென்ற ஆடியில் நான் அம்பாசமுத்திரத்துக்குப் போனேன். ஆட்டுரலை மாத்திரம் அக்காவுக்குத் தெரியாமல் எடுத்து, கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்த கடைசல் பட்டறையில் என் மகன் வயதுள்ள ஒருவர், மரத்தூள் படிந்த தரையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் உரலை வாங்கி, கவிழ்த்து, அரக்குப் படாத அடிப்பாகத்தை வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கயிறு இழுத்துக் கடைஞ்ச சாமான் ஐயா. எங்க தாத்தா காலத்து வேலை. மரமும் மஞ்சக்கடம்பு. இப்ப அது எங்க கிடைக்கு?"

முன்னாட்களில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னுமாகச் சுழல, இன்னொருவர் உளி பிடித்துக் கடைவாராம். இப்போது மோட்டார் சுற்றுகிறது, ஒருவரே போதும். குழவி ஒன்று மட்டும் வேண்டும் என்று கேட்டேன். தனியாக ஒரு குழவிக்காக யாரும் அவரிடம் வந்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆயினும் காரணம் கேட்கவில்லை. உரலின் குழிக்குள் சுண்டுவிரலை விட்டு ஆழம் பார்த்தார். ஒரு துண்டு மரத்தை அச்சில் பொருத்தினார். உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் பறந்தது. உருவம் வந்ததும் உப்புத்தாள் பிடித்து வழவழப்பாக்கி, பிறகு சிவப்பு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினார். இங்கே தூரிகையும் இல்லை, தீயும் இல்லை. உரசும் வேகத்தில் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு இளகி, மரத்தைத் தானாகப் பற்றிக்கொள்கிறது. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரந்த பிசின், ஒரு குழந்தையின் கைக்குப் போகப் போகும் நிறமாக மாறுவதை நான் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாகத் தாழை ஓலைத் துண்டை மடித்து அதன்மேல் பிடித்தார். மங்கலாக இருந்த சிவப்பில் ஒரு பளபளப்பு ஏறியது. எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக நான் சுமந்த காரியத்துக்கு வேண்டியிருந்தது கால் மணி நேரம்.

குழவியை உரலில் இறக்கிச் சுற்றிப் பார்த்தார். சற்று இறுகியது. எடுத்து மறுபடி ஒரு முறை கடைந்து, மறுபடி அரக்கு ஏற்றிக் கொடுத்தார். "நிறம் ஒத்து வராது ஐயா. பழசு கறுத்துப் போயிருக்கு. புழங்கப் புழங்கச் சரியாயிரும்" என்றார். நான் கொடுத்ததில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார்.

அக்காவுக்கு இப்போது காது மந்தம். முழங்கால் வலியால் தரையில் உட்காருவதும் இல்லை. ஊஞ்சல் பலகையில் அவள் பக்கத்தில் அமர்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து இரண்டையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். பம்பரம், ஆணி, கல், கால்வாய் எல்லாவற்றையும் உரக்கச் சொன்னேன். பாதி அவளுக்குக் கேட்டதோ என்னவோ. அவள் என்னைப் பார்க்கவில்லை. கறுத்த உரலையும் சிவந்த குழவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, உரலை மடியில் நிறுத்தி, குழவியைக் குழியில் இறக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து மெல்லச் சுற்றினாள். ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் அவளுடைய இடது கை தானே எழுந்து, விளிம்புக்கு வந்த மாவைச் சுண்டுவிரலால் உள்ளே தள்ளிவிட்டது.

"ஏலே," என்றாள், தலை நிமிராமலே, "உளுந்து நனையப் போட்டியா?"