ஒரு அகில் கட்டை, 50 வெட்டு: 'பழைய ஊத்' மோகத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

நீளம் 156 செ.மீ., எடை 11.6 கிலோ. பார்த்தால் உள்ளே கோறையாகிப்போன ஒரு பழைய மரக்கட்டை, அவ்வளவுதான். ஆனால் உலகிலேயே அதிகம் பேசப்படும் அகில் கட்டை இதுதான். பெயர் 'ரன்ஜதாய்'. ஜப்பானின் நாரா நகரில், தோடாய்ஜி கோயிலின் பொருள்களுக்காக எழுந்த ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. மன்னர் குடும்பத்தின் சொத்துகளோடு சேர்த்துப் பல நூற்றாண்டுகளாகப் பாதுகாக்கப்படுகிறது.

இன்று இன்ஸ்டாகிராமில் 'ஆன்ட்டீக் ஊத்', 'காட்டு ஊத்' என்று விளம்பரம் வராத நாளே இல்லை. பழசு என்றாலே உசத்தி என்ற அந்த எண்ணம் சரியா? அதற்கு இந்தக் கட்டையின் கதையே நல்ல பதில்.

அகில் என்பது என்ன?

ஊத், அகர், அகில் மூன்றும் ஒரே பொருள்தான். அக்விலாரியா இன மரங்களில் இருந்து கிடைக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நல்லா இருக்கும் மரத்துக்கு வாசனையே கிடையாது. அதன் கட்டை வெளிறி, லேசாக இருக்கும்.

மரத்தில் காயம் பட வேண்டும். தண்டு துளைக்கும் புழுவோ, இடியோ, முறிந்த கிளையோ காரணமாக இருக்கலாம். அந்தக் காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே நுழையும். அதைத் தடுக்க மரம் சுரக்கும் பிசின் கட்டைக்குள் ஊறி, கறுத்து, கனத்துப் போகும். அந்தப் பகுதிதான் அகில். பிசின் அதிகம் ஊறிய கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும். சீன, ஜப்பானிய மொழிகளில் இதன் பெயருக்கே 'மூழ்கும் வாசனை' என்றுதான் அர்த்தம்.

தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டும் வழக்கம் சங்க இலக்கியத்திலேயே உண்டு. கப்பலில் வந்து இறங்கிய அகில் பற்றிச் சிலப்பதிகாரம் பேசுகிறது. தமிழிலும் மலையாளத்திலும் உள்ள 'அகில்' என்ற சொல்லைப் போர்ச்சுகீசிய வணிகர்கள் 'அகிலா' என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மொழியில் கழுகுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர். குழப்பத்தில் ஆங்கிலத்தில் 'ஈகிள்வுட்' ஆகிவிட்டது. கழுகுக்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ரன்ஜதாயை யார் வெட்டினார்கள்?

கட்டையில் மூன்று இடங்களில் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் ஷோகன் அஷிகாகா யோஷிமாசா, 1574இல் வெட்டிய ஓடா நொபுனாகா, 1877இல் வெட்டிய பேரரசர் மெய்ஜி. அதிகாரத்தின் உச்சியில் இருப்பவருக்கே இதில் ஒரு துண்டு கிடைக்கும் என்பதால், வெட்டுவதே ஒரு அரசியல் அறிவிப்பாக இருந்தது.

ஆனால் 2006இல் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் உற்றுப் பார்த்தபோது 38 இடங்களில் வெட்டுத் தடம் தெரிந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வெட்டியதையும் சேர்த்தால் 50 முறைக்கு மேல் இருக்கலாம் என்றார். பெயர் போட்டுக்கொண்டவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்கள் சத்தமில்லாமல் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் 11 கிலோவுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. காரணம், பூட்டும் சாவியும் அரசிடம் இருந்ததும், இது எப்போதும் சந்தைக்கு வராததும்தான்.

காட்டில் என்ன நடக்கிறது?

காட்டில் நிற்கும் மரத்துக்கு அந்தப் பூட்டு இல்லை. உள்ளே அகில் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பல மரங்களை வெட்டிச் சாய்க்கிறார்கள். வாசனையே இல்லாத மரமும் சேர்ந்து சாகிறது.

இந்தியாவின் வடகிழக்கில் வளரும் அக்விலாரியா மலாக்கென்சிஸ், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியலில் 'மிக அருகிய இனம்'. 1995 முதல் இதன் சர்வதேச வணிகம் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்படுகிறது. பின்னர் அக்விலாரியா இனம் முழுவதும் அதில் சேர்ந்தது. வணிகம் தடை இல்லை. அனுமதிச் சீட்டு கட்டாயம்.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. அசாமிலும் திரிபுராவிலும் வீட்டுத் தோட்டங்களில் அகர் மரம் வளர்க்கும் குடும்பங்கள் ஏராளம். மரத்தில் துளையிட்டுப் பூஞ்சையைச் செலுத்தி அகில் உருவாக்கும் முறையும் வந்துவிட்டது. அசாமின் ஹோஜாய், இந்த வாசனைத் தொழிலால் பேர் பெற்ற ஊர். தோட்டத்து அகிலை வாங்கினால் மரம் நட்டவருக்குக் காசு போகும். அடுத்த மரம் நடக் காரணம் இருக்கும்.

'காட்டு', 'ஆன்ட்டீக்' என்ற வார்த்தைகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில்தான் சிக்கல். ஒன்று, அது பொய்யாக இருக்கலாம். மட்டமான கட்டையை எண்ணெயில் ஊறவைத்து, சாயம் ஏற்றி, எடை கூட்டி விற்பது இந்தச் சந்தையில் பழைய வித்தை. அதனால் தண்ணீரில் மூழ்குகிறதா என்ற சோதனையை மட்டும் நம்ப முடியாது. இரண்டு, அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தக் கூடுதல் விலைதான் காட்டில் அடுத்த மரத்தை வெட்டச் சொல்கிறது.

எனவே கடையில் மூன்று கேள்வி கேட்டால் போதும். தோட்டமா, காடா? எந்த நாடு? வெளிநாட்டுச் சரக்கு என்றால் சைட்டீஸ் சீட்டு எங்கே? பதில் மழுப்பலாக வந்தால் பையை மூடிக்கொண்டு கிளம்பலாம்.

துபாயிலிருந்து ஊத் கொண்டுவரச் சொல்பவர்களும் கவனிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 1 கிலோ வரை கட்டைத் துண்டு, 24 மி.லி. எண்ணெய் அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுத்துச் செல்ல சைட்டீஸ் விலக்கு தருகிறது. ஆனால் நாடுகள் இதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம். ஆகவே டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுவது நல்லது.

ரன்ஜதாய் இன்றும் இருப்பது, கேட்டவர்களுக்கெல்லாம் அது கிடைக்காததால். காட்டு மரத்துக்கு அந்தக் காவலைச் சட்டம் பாதிதான் தர முடியும். மீதி, 'காட்டு ஊத் இருக்கா?' என்று கேட்பதை வாங்குபவர்கள் நிறுத்துவதில் இருக்கிறது.